பத்து ரூபாய் நாணயமும் ஒரு பொய்யும்

எங்கள் கிளைக்கு ஒருநாள் பூ விற்கும் மூதாட்டி ஒருவர் வந்து, துணிப்பை ஒன்றைக் காசாளர் முன் வைத்தார். உள்ளே இருந்தவை அனைத்தும் பத்து ரூபாய் நாணயங்கள். "பஸ்ஸுல வாங்க மாட்டேங்கிறாங்க, மளிகைக் கடையிலும் வாங்க மாட்டேங்கிறாங்க. இது செல்லாதாமே ஐயா?" என்று கேட்டார். பல நாள் உழைப்பின் பயன், எவரோ கிளப்பிவிட்ட ஒரு சொல்லால் முடங்கிக் கிடந்தது.

மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய அந்த நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். பத்துக் கோடுகள் உள்ளது நல்ல நாணயம், பதினைந்து கோடுகள் உள்ளது போலி, ரூபாய்க் குறியீடு இல்லாததும் போலி என்பதே நாட்டின் பல பகுதிகளில் பரவிய செய்தி. இதில் பாதி உண்மை. கோடுகளின் எண்ணிக்கை வேறுபடுவது மெய்யே. பழைய நாணயங்களில் குறியீடு இல்லை என்பதும் மெய்யே. அக்குறியீடு ஏற்கப்பட்டதே 2010 ஜூலையில்தான். அதற்கு முந்தைய நாணயத்தில் அது எவ்வாறு இருக்கும்? கண்ணால் காணத்தக்க வேறுபாட்டை முன்னிறுத்தி, 'ஆகவே போலி' என்னும் ஆதாரமற்ற முடிவை அதன் பின்னே ஒட்டிவிட்டனர். கோடுகளை எண்ணிப் பார்த்தவர், தாமே சோதித்து அறிந்துவிட்டதாக நம்பினார். முழுப் பொய்யைவிட இவ்வகைப் பொய்க்கே நாம் எளிதில் இரையாகிறோம்.

இதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வெளியிடப்பட்டுள்ளது, அனைத்தும் செல்லும் என்று 2018 ஜனவரி 17 அன்று இந்திய ரிசர்வ் வங்கி அறிவித்தது. எனினும் ஒன்றை நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணுவதற்குச் சோம்பி, "பிறகு வாருங்கள்" என்று நாணயங்களைத் திருப்பி அனுப்பிய வங்கி ஊழியர்களும் உண்டு. 'வங்கியே வாங்கவில்லை' என்று ஊர் அதைச் சான்றாக்கிக்கொண்டது.

ஊகத்தின் இயல்பு வேறு. 2016 நவம்பரில் வந்த 2000 ரூபாய் நோட்டில், இருப்பிடத்தைக் காட்டும் நுண்சில்லு பதிக்கப்பட்டிருப்பதாகக் கூறியது வெறும் கற்பனை. அந்நோட்டு ஒருநாள் திரும்பப் பெறப்படும் என்றது ஊகம். அது 2023 மே 19 அன்று பலிக்கவும் செய்தது. ஆனால் அறிவிப்பை முழுமையாகப் படித்தவர், அந்நோட்டு சட்டப்படி தொடர்ந்து செல்லும் என்ற வரியையும் கண்டிருப்பார். புழக்கத்திலிருந்து விலக்குவது வேறு, செல்லாததாக்குவது வேறு. பலித்த ஊகமும் பாதி விவரத்தையே தந்தது.

மூதாட்டியின் நாணயங்களை எண்ணி அவருடைய சேமிப்புக் கணக்கில் வரவு வைத்தோம். "நாளைக்கும் பஸ்ஸுல வாங்க மாட்டாங்களே?" என்றார் அவர். அறிவிப்பின் விவரத்தைத் தேதியுடன் ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழிதிக் கொடுத்தோம். நடத்துநரிடம் காட்டுவதாகச் சொல்லி, அதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார்.