காய்கறி நாற்று நடவு: கருவிகளும் முறைகளும்

காய்கறி உற்பத்தியில் உலக நாடுகளுள் சீனாவுக்கு அடுத்த இடத்தை வகிப்பது இந்தியா. நம் நாட்டில் பயிராகும் காய்கறிகளுள் தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோசு, காலிபிளவர், வெங்காயம் ஆகியவை பெரும்பாலும் நாற்றுவிட்டு நடப்படுகின்றன. ஓர் ஏக்கரில் 60 செ.மீ. × 45 செ.மீ. இடைவெளியில் தக்காளி நடுவதற்கு ஏறத்தாழ 15,000 நாற்றுகள் தேவை. அவற்றுள் பத்தில் ஒன்று பட்டுப்போனால் 1,500 செடிகளின் விதைச் செலவும், நாற்றங்காலில் கழிந்த நாட்களும், மீண்டும் நடும் கூலியும் இழப்பாகின்றன. வீரிய ஒட்டு விதைகளின் விலையைக் கருதும்போது, சிறு உழவருக்கு இது எளிதில் தாங்கக்கூடிய இழப்பன்று. நடவுக் கருவிகளும் முறைகளும் பலவாயினும், அவை வேரை எந்த அளவுக்குக் காக்கின்றன என்பதைக் கொண்டே அவற்றை மதிப்பிடல் வேண்டும்.

நாற்று வாடுவது ஏன்?

செடி நீரை உறிஞ்சுவது, வேர் நுனிகளை அடுத்துள்ள நுண்ணிய வேர்த்தூவிகளின் வாயிலாகவே ஆகும். நாற்றைப் பிடுங்கும்போது இவற்றுள் பெரும்பாலானவை அறுபட்டு மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. இலைகளோ தொடர்ந்து நீரை ஆவியாக வெளியிடுகின்றன. வரவு குன்றிச் செலவு குறையாததால் நாற்று வாடுகிறது. புதிய வேர்கள் தோன்றும்வரை இந்நிலை நீடிக்கும்.

எல்லாப் பயிர்களும் இதனை ஒரே அளவில் தாங்குவதில்லை. மேற்கூறிய ஆறு பயிர்களும் விரைவில் புதுவேர் விடுகின்றன. பூசணி, பாகல், வெள்ளரி போன்ற கொடி வகைகளின் வேர்கள் அறுபட்டால் எளிதில் மீள்வதில்லை. எனவே அவற்றை நேரடியாக விதைப்பதோ, பையிலும் குழித்தட்டிலும் வளர்த்து மண்ணோடு நடுவதோ நன்று. முள்ளங்கி, கேரட் ஆகியவற்றில் வேரே விளைபொருள். பிடுங்கி நட்டால் கிழங்கு கிளைத்துக் கோணும். ஆதலால் அவற்றை நேரடியாகவே விதைக்க வேண்டும்.

நாற்றங்கால்

தரையிலிருந்து சுமார் 15 செ.மீ. உயர்த்தி அமைக்கப்படும் மேட்டுப்பாத்தியே சிறந்தது. அகலம் 1 மீட்டராக இருந்தால், இருபுறமும் நின்று பாத்தியை மிதிக்காமலே களையெடுக்கலாம். நீர் தேங்கும் பாத்தியில் நாற்றழுகல் நோய் பரவும். இதனைத் தடுக்கக் கோடையில் பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் 4 முதல் 6 வாரங்கள் மூடிவைக்கலாம். வெப்பம் நோய்க் கிருமிகளையும் களை விதைகளையும் பெருமளவு அழிக்கிறது. விதையை வரிசையாக விதைத்து, பூவாளியால் மென்மையாக நீர் தெளிக்க வேண்டும். தக்காளி நாற்றுக்கு நுண்கண் நைலான் வலை அமைத்தால், இலைச்சுருள் நச்சுயிரியைப் பரப்பும் வெள்ளை ஈக்களைத் தடுக்கலாம்.

குழித்தட்டு முறை

98 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டுகள் இன்று பரவலாகப் பயன்படுகின்றன. மட்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை இடப்படுகிறது. ஒவ்வொரு நாற்றும் தன் வேர்க்கட்டியோடு வெளிவருவதால் வேர் அறுபடுவதில்லை, விதையும் வீணாவதில்லை. ஓர் ஏக்கர் தக்காளிக்கு மேற்கண்ட இடைவெளியில் சுமார் 155 தட்டுகள் வேண்டும். முளைக்காத குழிகளை ஈடுசெய்யச் சில தட்டுகளைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். குழி சிறியதாதலால் நாள் தவறாமல் நீர் தெளிப்பது இன்றியமையாதது.

வயதும் கடினப்படுத்தலும்

தக்காளி நாற்றைச் சுமார் 25 நாட்களிலும், கத்தரியை 30 முதல் 35 நாட்களிலும், மிளகாயை 40 முதல் 45 நாட்களிலும் நடலாம். வயது கடந்த நாற்று தீங்கு தரும். காலிபிளவரில் முற்றிய நாற்றுகள் பொத்தான் போன்ற சிறு பூக்களையே ஈனும். நடவுக்கு 4 அல்லது 5 நாட்களுக்கு முன்பே நீரைக் குறைத்து, நிழலை நீக்கி, நாற்றைக் கடினப்படுத்த வேண்டும். ஆயினும் பிடுங்குவதற்குச் சில மணி நேரம் முன்னதாகப் பாத்தியை நன்கு நனைத்தல் வேண்டும்.

நடவுக் கருவிகள்

நாற்றைத் தண்டைப் பற்றி இழுப்பது தவறு. கைக்கரண்டியை வேருக்குக் கீழே செலுத்தி மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி வயலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். முடிச்சிட்ட கயிறு வரிசையையும் இடைவெளியையும் காட்டும். குழியிடக் கூர்முனைக் குச்சியோ களைக்கொத்தோ போதும். குச்சியால் இட்ட குழி வேரைவிட ஆழமாக இருந்தால் அடியில் வெற்றிடம் தங்கி வேர் காய்ந்துவிடும். ஆழம் குறைந்தால் வேர் மேல்நோக்கி மடங்கும். ஆகவே குழியின் ஆழம் வேரின் நீளத்திற்கு ஒத்திருக்க வேண்டும். பக்கத்து மண்ணை விரல்களால் அழுத்தி வேரோடு பொருந்தச் செய்ய வேண்டும். தக்காளியின் தண்டு புதுவேர் விடும் இயல்புடையது. அதனைச் சற்று ஆழமாக நடலாம். வெங்காயத்தை ஆழமாக நட்டால் குமிழ் பருப்பது தடைப்படும்.

நாள் முழுவதும் குனிந்து நடும் பணியைப் பெரும்பாலும் பெண்களே செய்கின்றனர். நின்றபடியே நாற்றைக் குழாயினுள் இட்டு, கைப்பிடியை அழுத்தி நடும் கருவி அவர்களின் இடுப்பு வலியைக் குறைக்கவல்லது. டிராக்டரில் இணைக்கும் அரைத் தானியங்கி நடவு இயந்திரம் பெரிய வயல்களுக்கு ஏற்றது. இவ்விரண்டுக்கும் ஒரே சீராக வளர்ந்த குழித்தட்டு நாற்றுகளே பொருத்தமானவை.

நடவுக்குப் பின்

மாலை வேளையில் நட்டு உடனே நீர் பாய்ச்ச வேண்டும். மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விட வேண்டும். 7 முதல் 10 நாட்களுக்குள் பட்டுப்போன இடங்களை நிரப்பினால்தான் பயிர் ஒரே சீராக வளரும். இதற்கென நாற்றங்காலில் சிறிதளவு நாற்றை ஒதுக்கி வைப்பது நல்லது.

தேசிய தோட்டக்கலை இயக்கம் 2005-06 இல் தொடங்கப்பட்டு, 2014-15 முதல் ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் ஓர் அங்கமாயிற்று. இத்தகைய திட்டங்களைச் செயற்படுத்தும் அலுவலர்கள் ஒன்றை மனத்திற்கொள்ளுதல் நலம். தனித்தனியே நிழல்வலைக் கூடம் அமைக்க இயலாத உழவர்கள், குழுவாக இணைந்து ஒரு பொது நாற்றங்காலை நடத்தலாம். நாற்று சீராக அமையாத இடத்தில் விலையுயர்ந்த நடவு இயந்திரம் பயன் தராது. நல்ல நாற்று கிடைத்த இடத்தில் கூர்முனைக் குச்சியும் முடிச்சிட்ட கயிறுமே நிறைந்த பயன் தரும்.