தறிக்குழியும் எரிவாயுவும்
(அங்கத்தினர் பாடம்)

விறகடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் நமது அங்கத்தினர் இல்லங்களிலிருந்து பெரும்பாலும் மறைந்து, எரிவாயு அடுப்பு இடம்பெற்றுவிட்டது. புகையின்றிச் சமைக்கவும், வெந்நீர் போடவும், சில இடங்களில் சாயத் தொட்டியைச் சூடேற்றவும் அது பயன்படுகிறது. இவ்வசதியைக் குறைகூறுவார் எவருமிலர். எனினும், குழித்தறி உள்ள வீட்டில் இவ்வாயுவினால் ஒரு தனி அபாயம் உண்டு. அதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

வாயுவின் இயல்பு

சிலிண்டரில் இருப்பது புரோபேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தினால் அது திரவமாக்கப்பட்டிருக்கிறது. வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ அடைக்கப்படுகிறது. ஒரு லிட்டர் திரவம் வெளிப்பட்டால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். இவ்வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆதலால் அது புகையைப் போல் மேலே எழும்பாது. தண்ணீரைப் போல் தரையோடு பரவிப் பள்ளத்தை நாடும். வீட்டில் பள்ளமான இடம் எது? சாக்கடை வாயிலும் தறிக்குழியுமே.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றடி நீளமும், இரண்டரை அடி அகலமும், இரண்டரை அடி ஆழமும் உள்ள குழி ஏறத்தாழ 530 லிட்டர் கொள்ளும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு இவ்வாயு கலந்தாலே தீப்பற்றும். அதாவது, சுமார் 10.6 லிட்டர் வாயு போதும். திரவமாகக் கணக்கிட்டால் அது 42 மில்லிலிட்டர்தான். அரைத் தம்ளர் காப்பி அளவுகூட இல்லை. குழியில் காலை இறக்கி மிதிகட்டையை மிதித்துக் கொண்டிருப்பவரின் மூக்குக்கு எட்டுமுன்பே, வாயு அவர் கால்களைச் சூழ்ந்திருக்கக் கூடும். அங்கே ஒரு பீடித் துண்டு விழுந்தால் நெசவாளரின் உயிருக்கே ஆபத்து. தறியில் ஏற்றியுள்ள பாவும், சங்கம் கொடுத்த நூலும், அக்குடும்பத்தின் அடுத்த கூலியும் அதனுடன் எரியும்.

வாடை ஏன் சேர்க்கப்படுகிறது?

இவ்வாயுவுக்கு இயல்பாக வாடை கிடையாது. கசிவை நாம் அறியும் பொருட்டே, அழுகிய முட்டைக்கோஸ் போன்ற நாற்றமுடைய மெர்காப்டன் என்னும் பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். 1937 மார்ச் 18-ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து நியூ லண்டன் பள்ளிக்கூடத்தில், தரைக்கடியில் தேங்கிய வாடையற்ற இயற்கை வாயு வெடித்து, மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அது வேறு வகை வாயு. ஆனால் தேங்கியதை ஒருவரும் அறியவில்லை என்பதே அவ்வழிவுக்குக் காரணம். அதன் பின்னரே வாடை சேர்ப்பதை அம்மாநிலம் சட்டமாக்கியது.

சாயமிடுவோர் இரண்டு விஷயங்களை மனத்திற் கொள்ள வேண்டும். சாயப்பட்டறையில் பயன்படும் ஹைட்ரோஸின் கந்தக நெடி, எரிவாயுவின் வாடையை மறைத்துவிடக் கூடும். மேலும், ஒரே வாடையில் நெடுநேரம் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். எனவே வெளியிலிருந்து வருபவர், “என்ன வாடை?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை” எனத் தள்ளிவிடலாகாது.

வாடை வந்தால் செய்ய வேண்டுவன

1. தறியை விட்டு உடனே எழுந்திருங்கள். குழந்தைகளையும் முதியோரையும் வெளியே அனுப்புங்கள்.

2. தீக்குச்சி கிழிக்காதீர்கள். எரியும் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி யாவற்றையும் அணையுங்கள்.

3. மின்சார ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். மின்விசிறியைச் சுழலவிட்டு வாயுவை விரட்ட எண்ணுவது பெருந்தவறு. பம்புசெட்டு ஸ்டார்ட்டருக்கும் இதே விதிதான்.

4. அடுப்பின் திருகுகளையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். சிலிண்டரின் வாயில் பாதுகாப்பு மூடியை இடுங்கள். சீறும் ஓசை நிற்காவிடில் அங்கே தாமதியாமல் வெளியேறுங்கள்.

5. கதவுகளையும் சன்னல்களையும் திறந்து வையுங்கள். வாயு தரையோடு செல்வதால் சன்னலைவிட வாயிற்கதவே முக்கியமானது.

6. வெளியே சென்ற பின்னரே தொலைபேசியை எடுத்து, 1906 என்ற எரிவாயு அவசர எண்ணையும், உங்கள் விநியோகஸ்தரையும் அழையுங்கள். தீப்பற்றியிருந்தால் தீயணைப்பு நிலையத்தை 101-இல் அழையுங்கள்.

7. அறையில் வாடை நீங்கிவிட்டது என்று குழியில் இறங்கிவிட வேண்டாம். குழியில் தேங்கியது கடைசியாகத்தான் வெளியேறும். பழுது பார்ப்பவர் வந்து சோதித்த பின்னரே தறியில் அமருங்கள்.

வருமுன் காத்தல்

சிலிண்டரைத் தறிக்குழியின் அருகிலோ, தரைமட்டத்திற்குக் கீழோ வைத்தலாகாது. அதனை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். அடுப்பு அதனைவிட உயரமான மேடையில் இருக்கட்டும். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். வெடிப்பு கண்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள். கசிவைச் சோதிக்கச் சோப்பு நீரைத் தடவுங்கள். குமிழி எழும் இடமே கசியும் இடம். நெருப்பைக் காட்டிச் சோதிப்பது கூடவே கூடாது.

சிலிண்டரின் மேற்பகுதியில் மறுசோதனைக் காலம் குறிக்கப்பட்டிருக்கும். ஏ என்றால் மார்ச் முடிய, பி என்றால் ஜூன் முடிய, சி என்றால் செப்டம்பர் முடிய, டி என்றால் டிசம்பர் முடிய என்று பொருள். பக்கத்திலுள்ள எண் ஆண்டினைக் குறிக்கும். காலங்கடந்த சிலிண்டரை ஏற்க மறுப்பது உங்கள் உரிமை.

சங்கத்தின் கடமை

நூல் வழங்கும் நாளில் அங்கத்தினர் யாவரும் சங்கத்திற்கு வருகின்றனர். மூன்று மாதத்திற்கு ஒரு முறை அந்நாளில் கால் மணி நேரம் ஒதுக்கி, விநியோகஸ்தரின் பணியாளரை அழைத்துச் சோப்பு நீர்ச் சோதனையைச் செய்து காட்டச் சொல்லலாம். இதற்குச் செலவும் பெரிதில்லை, தீர்மானமும் கடினமில்லை. சமையற்கட்டில் வேலை செய்யும் பெண் அங்கத்தினர்களே இதில் முதலிடம் பெற வேண்டும்.

கூட்டத்தில் விவாதிக்க

1. உங்கள் வீட்டில் சிலிண்டருக்கும் தறிக்குழிக்கும் இடையே எத்தனை அடி தூரம்?

2. ரப்பர் குழாய் எந்த ஆண்டு மாற்றப்பட்டது?

3. இரவில் வாடை வந்தால், விளக்கைப் போடாமல் வாயிற்கதவைத் திறக்க வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தெரியுமா?

மூன்றாவது கேள்விக்கு இன்றிரவே வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்திற்கு வாருங்கள்.