வாசலில் இறங்கி நடவுங்கள்

திருகோணமலைக்கு வருகிறவர்களில் பலர் கோட்டையைப் பார்ப்பதில்லை, கோட்டைக்குள்ளால் போகிறார்கள். வாசலில் வான் கொஞ்சம் மெதுவாகும், சற்று நேரத்தில் கோணேசர் கோயிலடியில் நிற்கும். கும்பிட்டு, படம் எடுத்து, அதே வேகத்தில் நிலாவெளிக் கடலுக்குத் திரும்பிவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை: வாசலிலேயே இறங்கி நடப்போம். முணுமுணுத்தபடிதான் இறங்குவார்கள். அந்த மதிலின் கதையைச் சொன்ன பிறகு யாரும் ஓட்டோ கேட்டதில்லை.

கதை இதுதான். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பதிகம் பாடிய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் தரைமட்டமாக்கினார்கள். மலையுச்சியிலும் நடுவிலும் அடியிலுமாக நின்ற கோயில்களின் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா. அந்தக் கோட்டையை 1639இல் ஒல்லாந்தர் பிடித்துப் பிறகு பெருப்பித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1803இல் அரசரின் மகனான யோர்க் கோமகனின் பெயரால் பிரடெரிக் கோட்டை ஆனது. பெயர் எத்தனை மாறினாலும் கல் அந்த மலையின் கல். ஆகவே கோயிலைத் தேடி மேலே ஓடுவதற்கு முன், பழைய கோயிலின் ஒரு பகுதி இந்த மதிலுக்குள் இருக்கிறது என்ற நினைப்போடு உள்ளே போங்கள்.

வாசலில் வலம் இடம் இரண்டு பக்கமும் பாருங்கள். ஆங்கிலேய அரச சின்னம் தானாகவே கண்ணில் படும். கல்லில் வெட்டிய மீனையும் தேய்ந்த தமிழ் எழுத்துகளையும் நீங்கள்தான் தேடிப்பிடிக்க வேண்டும். பாண்டியரின் கயல் என்கிறார்கள். ஒருமுறை பூ விற்ற ஐயா ஒருவர், "தம்பி, மேல போக முதல் இந்த மீனைப் பாத்திட்டுப் போங்கோ, ஆக்கள் பாக்கிறேல்லை" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். காலை வெயில் சாய்வாக விழும்போது வெட்டுக்கள் தெளிவாகத் தெரியும்.

மத்தியதரைக் கடல் தீவுகளின் கோட்டை நகரங்களைப் பற்றிப் படித்தவர்கள், மால்டாவின் வலெட்டாவைப் போல மதில் ஊரைச் சுற்றி வரும் என்று எதிர்பார்ப்பார்கள். இங்கே அப்படி இல்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மலைமுனையின் கழுத்தில், ஒரு குடாவிலிருந்து மறு குடாவரை மதில் குறுக்கே போகிறது. மற்றப் பக்கங்களைப் பாறையும் கடலும் பார்த்துக்கொள்கின்றன. உள்ளே போகுமுன் வெளியே மைதானப் பக்கம் நின்று இந்த அமைப்பைப் பார்த்தால், பீரங்கிக் காலத்தில் இவ்வளவு சிறிய இடத்துக்கு ஏன் இவ்வளவு இரத்தம் சிந்தினார்கள் என்பது புரியும்.

உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். காவலரண்களையும் சிப்பாய்களையும் படம் எடுக்க வேண்டாம். வழியில் புள்ளிமான்கள் ஆளைத் தேடி வரும். தயவுசெய்து பொலித்தீன் பையோடு எதையும் நீட்டாதீர்கள். பொலித்தீனைத் தின்று இந்த ஊரில் மான்கள் செத்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு இதை முதலே சொல்லி வையுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு கோயில் வீதியில் கல் சுடும். விடியப் போங்கள், அல்லது மாலைப் பூசைக்குப் போங்கள். இன்றைய கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு முன், 1950இல் நகரில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. இடிக்க வந்தவர்கள் கண்ணில் படாமல் யாரோ புதைத்துக் காத்தவை. கோயிலருகே இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவில் நின்று கீழே பார்க்கும்போது, புதைத்த அந்தக் கைகளை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. அந்த ஆழத்திலும் கோயில் கிடக்கிறது. ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் மூழ்கிப் பார்த்து, தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் சிதறிக் கிடப்பதை உலகத்துக்குச் சொன்னார்கள். நீங்களும் மூழ்க விரும்பினால் கடல் அடங்கியிருக்கும் மே முதல் செப்டெம்பர் வரை வாருங்கள். மாரியில் வேண்டாம்.

இனி, பெரும்பாலோர் தவறவிடும் பாதி. கோட்டை முனையிலிருந்து தெரிவது திறந்த கடல். இத்தனை பேர் இந்த ஊருக்காக மோதிய காரணம் நகரத்தின் மறுபக்கம், உட்துறைமுகத்தில் இருக்கிறது. மலைகள் சூழ்ந்த, எந்தப் பருவத்திலும் கப்பல் ஒதுங்கக்கூடிய ஆழமான நீர். அதன் வாயை ஒஸ்டன்பேர்க் என்ற இன்னொரு கோட்டை காத்தது. 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் இரண்டையும் ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார்கள். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரன் அவர்களிடமிருந்து பறித்தார். உதவிக்கு வந்த ஆங்கிலேயக் கப்பற்படை கண்டது கோட்டையில் பறந்த பிரெஞ்சுக் கொடியைத்தான். செப்டெம்பர் 3இல் வெளிக்கடலில் மோதினார்கள். ஊரோ பிரெஞ்சுக்காரரிடமே இருந்தது, சமாதானத்துக்குப் பிறகுதான் ஒல்லாந்தரிடம் திரும்பியது.

ஒஸ்டன்பேர்க் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் நினைத்தவுடன் போக முடியாது. அனுமதி பற்றி முதலே விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் மாலையில் உட்துறைமுக வீதியில் நடவுங்கள், அது யாருக்கும் திறந்த இடம். அங்கிருந்து சீனன்குடாவின் திசையைக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஆங்கிலேயர் கட்டிய பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கியபோது அவற்றில் ஒன்று எரிந்தது. அடுத்த நாள் நிலாவெளிக்குப் போகும் வழியில் உப்புவெளியின் போர் மயானத்திலும் இறங்குங்கள். கல்லறைகளில் வயதையும் வாசியுங்கள், பலர் இருபதுகளிலேயே இருந்த பையன்கள்.