மீண்டும் மீண்டும் வரும் ரஸம்

ஒரே பல்லவியைப் பலமுறை கேட்கும்போது சில சமயம் உள்ளம் உருகுகிறது. சில சமயம் சலிப்படைகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அலங்கார சாஸ்திரம் நன்கு ஆராய்ந்துள்ளது.

9-ஆம் நூற்றாண்டில் காச்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், த்வன்யாலோகத்தின் மூன்றாம் உத்யோதத்தில், முற்றும் நிறைவெய்திய ரஸத்தை மறுபடி மறுபடி தூண்டுவது ரஸத்திற்கே விரோதம் என்கிறார். கையால் பலமுறை தொடப்பட்ட மலர் வாடுவதுபோல் அந்த ரஸமும் வாடிவிடும் என்பது அவர் காட்டும் உவமை. பின்வந்த மம்மடர் இக்குற்றத்திற்குக் குமாரஸம்பவத்தின் ரதி விலாபத்தையே உதாரணமாக்கினார். மகாகவி காளிதாஸருக்கும் விலக்கில்லை!

அப்படியாயின் திரும்ப வருதலே குற்றமோ? அன்று. பவபூதியின் உத்தரராமசரிதம் மூன்றாம் அங்கத்தை நோக்குக. பஞ்சவடிக்கு மீண்ட ஸ்ரீராமன் மூர்ச்சிப்பதும் தெளிவதுமாக இருக்கிறான். கண்ணுக்குப் புலப்படாத சீதையின் ஸ்பரிசமே அவனைத் தெளிவிக்கிறது. சோகம் ஒன்றே. ஆயினும் அவள் ஊட்டி வளர்த்த யானைக்கன்று ஒரு நினைவை எழுப்புகிறது. அவள் வளர்த்த கடம்பும் மயிலும் வேறொன்றை எழுப்புகின்றன. வாஸந்தியின் சுடுசொல் பிறிதொன்றை எழுப்புகிறது. ஒரே நீர் சுழியாகவும் குமிழியாகவும் அலையாகவும் தோன்றுவதுபோல் என்று அந்த அங்கத்திலேயே கவி இதனை விளக்கிவிடுகிறார்.

பரத முனிவர் ஸ்தாயி பாவங்கள் 8 என்றும், வந்து வந்து மறையும் வ்யபிசாரி பாவங்கள் 33 என்றும் வகுத்ததன் பயன் இங்கே விளங்கும். நிலைத்திருப்பது ஸ்தாயி, அதனைப் புதுப்பிப்பது வ்யபிசாரி. பின்னது மாறாமல் முன்னது மட்டும் திரும்பினால் சலிப்பே மிஞ்சும்.

ஜனரஞ்சகமான திரைப்பாடலுக்கும் இதுவே விதி. சரணம் புதிய செய்தியைச் சொன்னால்தான், திரும்பி வரும் பல்லவி புதுப்பொருள் பெறுகிறது. மகிழ்ச்சியில் ஒருமுறையும் துயரத்தில் ஒருமுறையுமாக ஒரே பாட்டைச் சில படங்களில் அமைப்பதுண்டு. மெட்டு பழையதே, கேட்பவன் நிலை மாறிவிட்டதால் கண்ணீர் வருகிறது.

இத்தத்துவத்தின் பூரணமான வடிவம் திருவாய்மொழி. 1102 பாசுரங்களிலும் ஸம்ச்லேஷமும் விச்லேஷமும், அதாவது கூடலும் பிரிவும், மாறி மாறி வருகின்றன. அந்தாதியாதலால் ஒரு பாசுரத்தின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகிறது. கடைசிப் பாசுரத்தின் ஈற்றுச்சொல் முதற்பாசுரத்தின் முதற்சொல்லோடு சேர்கிறது. எனினும் ஆழ்வாருடைய ஒவ்வொரு பிரிவும் முந்தைய கூடலை அனுபவித்தபின் வந்த பிரிவாதலால் தாபம் மிகுகிறதேயன்றித் தேய்வதில்லை.

அத்யயனோத்ஸவத்தில் அரையர் ஸ்வாமிகள் பாசுரத்தை இசைத்து, அதனையே அபிநயித்து, பின் வ்யாக்யானமும் ஸாதிப்பதன் நோக்கமும் இதுவே. ஸேவிப்போர் ‘கேட்டதுதானே’ என்று எழுந்துவிடலாகாது. இசையில் செவிக்கு எட்டியது அபிநயத்தில் கண்ணுக்கும், வ்யாக்யானத்தில் நெஞ்சுக்கும் எட்டுகிறது. ஆண்டுதோறும் உத்ஸவம் அதுவே. ஓராண்டின் இன்பதுன்பங்களைச் சுமந்து வந்து நிற்கும் அடியவன் மட்டும் புதியவன். அந்தப் புதுமையோடு செவிசாய்ப்பவனுக்கு மலர் வாடுவதில்லை.