குறும்படக் காமிரா வாங்குமுன்

பந்திங் வாலிபர்கள் சிலர் குறும்படம் எடுக்கக் காமிரா வாங்க முனைந்து நம்மிடம் யோசனை கேட்டனர். விலையுயர்ந்த காமிராவே நல்ல படம் தரும் என்பது அவர்கள் எண்ணம். நாம் உடன்படோம். 2018இல் ஸ்டீவன் சோடர்பெர்க் 'அன்சேன்' என்னும் முழுநீளப் படத்தையே ஐபோனில் எடுத்து வெளியிட்டார்.

முதலில் பார்க்க வேண்டியது, வெளி மைக்கை மாட்டும் துவாரம் உண்டா என்பதே. முன்னொரு முறை மோரிப் கடற்கரையில் பெரியவர் ஒருவரின் பழைய நினைவுகளைப் படம் பிடித்தோம். காமிராவிலுள்ள மைக்கையே நம்பினோம். முகம் துலக்கமாக விழுந்தது. பேச்சைக் காற்று கொண்டுபோயிற்று. திரும்பச் சொல்ல அவர் இன்று இல்லை.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆதலால் விநாடிக்கு 25 பிரேமும், ஷட்டர் 1/50 விநாடியும் நாமே வைத்துக்கொள்ளக்கூடிய காமிராவாக இருக்கட்டும். இல்லையேல் சில விளக்குகளின் கீழ் படம் துடிக்கும். மிச்சப் பணத்தில் மைக்கும் முக்காலியும் வாங்கிக்கொள்க.