எண்பத்தைந்து பவுனா, எண்பத்தைந்து கிராமா?



சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் ஜகாத் பற்றிப் பயான் முடித்து, தொழுகையும் முடிந்த பிறகு ஒரு சகோதரர் அருகில் வந்து உட்கார்ந்தார். ஸலாம் சொல்லிவிட்டுக் கேட்டார்: "ஹஜ்ரத், தங்கத்துக்கு நிஸாப் எண்பத்தைந்துதானே? எங்க வீட்ல நாற்பது பவுன்தான் இருக்கு. எங்களுக்கு ஜகாத் வராதுல்ல?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வருடா வருடம் மிம்பரில் "எண்பத்தைந்து, எண்பத்தைந்து" என்று சொன்னவன் நான்தான். கிராம் என்ற சொல்லை ஒரு தடவை சொல்லியிருப்பேன். நம் வீடுகளில் தங்கத்தை யாரும் கிராமில் பேசுவதில்லை. கல்யாணப் பேச்சானாலும் அடகுக் கடையானாலும் பவுன்தான். அவர் காதில் விழுந்த எண்ணோடு தனக்குத் தெரிந்த பவுனைச் சேர்த்துக்கொண்டார். நகை வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு கிராம்கூட ஜகாத் போகவில்லை.

அதனால் இன்று மஸ்அலாவோடு கொஞ்சம் கணக்கும் பேசுவோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு 'மாற்றுக் காரணி' என்று சொல்லிக் கொடுப்பதுதான். ஒரு பவுனும் எட்டு கிராமும் ஒரே தங்கம், பெயர்தான் வேறு. பவுனைக் கிராமாக்க 8 ஆல் பெருக்க வேண்டும். கிராமைப் பவுனாக்க 8 ஆல் வகுக்க வேண்டும். பெருக்குவதா வகுப்பதா என்று குழப்பம் வந்தால் இப்படி யோசியுங்கள்: கிராம் சின்ன அலகு, ஆகவே கிராமில் சொல்லும்போது எண் பெரிதாக வரவேண்டும். 40 பவுன், 320 கிராம். 85 கிராம், 10.625 பவுன். அதாவது பத்தரைப் பவுனுக்குச் சற்று மேல். நாற்பது பவுன் வைத்திருப்பவர் நிஸாபைப் போல் நான்கு மடங்கிற்கு நெருக்கமாக வைத்திருக்கிறார்.

இந்த 85 எங்கிருந்து வந்தது? ஷரீஅத்தில் தங்கத்தின் நிஸாப் 20 மிஸ்கால், வெள்ளிக்கு 200 திர்ஹம். உமைய்யா கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் ஹிஜ்ரி 77-ல் அச்சிட்ட தங்க தீனார்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றின் எடை சுமார் 4.25 கிராம். அதை ஒரு மிஸ்காலாக வைத்தால் 20 × 4.25 = 85. பத்து திர்ஹம் ஏழு மிஸ்கால் எடை என்பது ஃபுகஹாக்களின் கணக்கு. அப்படியானால் ஒரு திர்ஹம் 2.975 கிராம், 200 திர்ஹம் 595 கிராம்.

நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் ஏழரைத் தோலா என்று சொல்வார்கள். பழைய தோலா 11.664 கிராம். ஏழரையால் பெருக்கினால் 87.48 கிராம். வெள்ளிக்கு ஐம்பத்திரண்டரைத் தோலா, 612.36 கிராம். இங்கே ஓர் எச்சரிக்கை. வடநாட்டில் பலர் தோலா என்றால் பத்து கிராம் என்று பேசுகிறார்கள். அதை வைத்துக் கணக்குப் போட்டால் நிஸாப் 75 கிராமாகிவிடும். பெயர் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்று என்று நம்பிவிடக் கூடாது.

சரி, சரியாக 11 பவுன் வைத்திருக்கும் ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். 11 × 8 = 88 கிராம். 22 காரட் நகை என்றால் 24-ல் 22 பங்குதான் தங்கம். மீதி செம்பு போன்றவை. 88-ஐ 22 ஆல் பெருக்கி 24 ஆல் வகுத்தால் சுத்தத் தங்கம் 80.67 கிராம். ஹனஃபி மத்ஹபில் கலப்பை விடத் தங்கம் அதிகமாக இருந்தால் முழுவதும் தங்கம் என்றே கணக்கு. 88 கிராம் 87.48-ஐத் தாண்டிவிட்டது, ஜகாத் கடமை. ஷாஃபி மத்ஹபில் பெண்கள் வழக்கமாக அணியும் நகைக்கு ஜகாத் இல்லை. அணியாமல் சேமிப்பாக வைத்திருந்தால் சுத்தத் தங்கத்தைப் பார்க்க வேண்டும். அது 85-ஐ எட்டவில்லை, ஆகவே அதற்கும் கடமையில்லை. ஒரே நகை, ஒரே தராசு. நம் மஹல்லாவில் இரண்டு மத்ஹபினரும் இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். ஹனஃபிகளுக்கு இன்னொன்று: நகையோடு ரொக்கமோ வெள்ளியோ இருந்தால் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்போது 11 பவுனுக்குக் குறைவாக இருந்தாலும் கடமையாகலாம்.

ஃபித்ராவில் சிக்கல் வேறு மாதிரி. மிஸ்கால் எடை, ஸாஉ கொள்ளளவு. எடைக்கு மக்காவாசிகளையும் முகத்தலுக்கு மதீனாவாசிகளையும் பார்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக அபூதாவூதில் வருகிறது. நடுத்தர ஆளின் இரண்டு கைகளும் சேர்ந்த கொள்ளல் ஒரு முத்து, நான்கு முத்து ஒரு ஸாஉ. இதைக் கிலோவாக்க ஒரே எண் கிடையாது. ஒரு லிட்டர் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தால் ஒரு கிலோ. அதே பாத்திரத்தில் அரிசி கொட்டினால் ஒரு கிலோ வராது. பொரி கொட்டினால் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். தானியம் மாறினால் மாற்றும் எண்ணும் மாறும்.

இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள் ஈராக்கில் ஸாஉ என்றால் எட்டு ரத்ல் என்றே கற்றவர்கள். மதீனா வந்து இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பேசியபோது, அந்த ஊர்ப் பெரியவர்கள் தங்கள் முன்னோர் வழியாக வந்த ஸாஉகளை வீட்டிலிருந்து கொண்டுவந்து காட்டினார்கள். அளந்து பார்த்தால் ஐந்தும் மூன்றில் ஒரு பங்கும் ரத்ல். தம் உஸ்தாதின் சொல்லை விட்டு அந்த அளவை ஏற்றுக்கொண்டார்கள் என்று கிதாபுகளில் வருகிறது. எட்டுக்கும் இதற்கும் ஒன்றரை மடங்கு வித்தியாசம். பள்ளிவாசல் பலகைகளில் ஃபித்ராவின் கிலோ ஊருக்கு ஊர் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கோதுமையில் அரை ஸாஉ போதும் என்ற ஹனஃபி சட்டம் இன்னொரு காரணம்.

அந்தச் சகோதரரின் கணக்குக்கு வருகிறேன். அவர்கள் ஹனஃபி குடும்பம். முதலில் நகை யாருடையது என்று கேட்டேன். நாற்பதும் மனைவியுடையது. அப்படியானால் கடமை அந்தச் சகோதரி மீது. கணவர் கொடுப்பதானால் அவரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு கொடுக்க வேண்டும். நகையில் பாதி மகளுக்குக் கொடுத்துவிட்டது என்றிருந்தால் தனித்தனியாகப் பார்த்திருப்போம். பிறகு எழுதினோம். முதல் வருடம் 320-ல் நாற்பதில் ஒரு பங்கு, 8 கிராம், சரியாக ஒரு பவுன். அது ஏழைகளின் கடனாகிவிட்டதால் கழித்து, இரண்டாம் வருடம் 312-ல் 7.8 கிராம். மூன்றாம் வருடம் 304.2-ல் 7.6 கிராம். மொத்தம் 23.4 கிராம், மூன்று பவுனுக்குச் சற்றுக் குறைவு. தாளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு வளையலை வித்துடலாம் ஹஜ்ரத், அவகிட்ட நான் பேசுறேன்" என்றார். ரமலான் பிறப்பதற்குள் கொடுத்து முடித்தார்கள்.

உங்கள் வீட்டிலும் சந்தேகம் இருந்தால் நகைக் கடை ரசீதை எடுத்து வாருங்கள். அதில் எடை கிராமில்தான் இருக்கும், காரட்டும் இருக்கும். கல் பதித்த நகையானால் கல்லின் எடையைக் கழித்து எழுதிக்கொண்டு வாருங்கள். அஸருக்குப் பிறகு நான் பள்ளியில்தான் இருப்பேன்.