வெயில் இருந்தும் விசிறி ஏன் நின்றது?

கூரைமேல் சூரியப் பலகைகள் பதித்த வீடு. நண்பகலில் மின்வெட்டு வருகிறது. வெயில் கொளுத்துகிறது, ஆனால் மின்விசிறி நின்றுவிடுகிறது. பலகைகள் பழுதா? இல்லை. இன்வெர்ட்டர் வாங்கியபோது ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விளைவு இது.

சூரியப் பலகை தருவது நேர்திசை மின்னோட்டம். வீட்டுக் கருவிகளுக்கு வேண்டியதோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். இன்வெர்ட்டரில் உள்ள டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, முன்னதைப் பின்னதாக மாற்றுகின்றன.

ஊர் மின்கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் வரும் அலையின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றியே இயங்கும். கம்பியில் மின்சாரம் நின்றால் 2 நொடிக்குள் அதுவும் நின்றுவிட வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதி. ஏன் தெரியுமா? அந்நேரம் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரை எண்ணிப் பாருங்கள். இணைப்பைத் துண்டித்தாயிற்று என்று நம்பி அவர் கம்பியில் கைவைக்கிறார். நம் கூரையிலிருந்து மின்சாரம் அங்கே போனால் என்ன ஆகும்? தெருமுனை மின்மாற்றி இரு திசையிலும் வேலை செய்யக்கூடியது. 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தருவது போலவே, நம் 230 வோல்ட்டை உயர்த்தியும் விடும்!

மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமா? அப்படியானால் வெளிக்கம்பியைத் துண்டித்துக்கொண்டு, பேட்டரியின் துணையோடு வீட்டுக்கு மட்டும் மின்சாரம் தரும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். விலை கூடுதல், பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். மின்வெட்டு அரிதான ஊரில் இது வீண்செலவு என்றே சொல்வேன்.

பேட்டரி வகையை வாங்குவோர் அளவையும் பார்க்க வேண்டும். 75 வாட் விசிறிகள் மூன்று, 9 வாட் விளக்குகள் ஆறு: மொத்தம் 279 வாட். அரைக் குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் ஏறத்தாழ 600 வாட் எடுக்கும். கூட்டினால் 879. எனவே 1,000 வாட் இன்வெர்ட்டர் போதும் என்று தோன்றும். போதாது! சுழலி அசையாமல் நிற்கும் அந்த முதல் கணத்தில் மோட்டார் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வேகம் பிடித்த பின்னரே அது குறையும். அதைத் தாங்காத இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஆகவே, சில நொடிகளுக்கு எவ்வளவு தாங்கும் என்பதையும் விற்பவரிடம் கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டு மோட்டாரின் தகட்டில் ஆம்பியர் அளவு பொறித்திருக்கும். அதை 230ஆல் பெருக்கி, வருவதை 6ஆல் பெருக்கிப் பாருங்கள்.